கணக்கின் நகல்

பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் பிழைப்பைத் தேடி வந்த நம் முன்னோரில் பலருக்குச் சுருக்கெழுத்தும் கணக்கெழுத்துமே சோறு போட்டன. பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீடு திரும்பிய தலைமுறை அது. இன்று தாராவியில் தோல் பை தைத்து விற்பவரும், தில்லியில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் கணக்கைக் கணினியிலேதான் வைத்திருக்கிறார்கள். வரவேண்டிய பாக்கி எவ்வளவு, ஜி.எஸ்.டி. கட்டவேண்டியது எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள்ளேயே. அந்தக் கணக்கை எவனோ ஒருவன் எங்கிருந்தோ பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டால் நாம் என்ன செய்வோம்?

இவ்வாறு விலை கேட்கும் தீய நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். மின்னஞ்சலோடு வரும் கோப்பின் வழியாகவோ, திருடப்பட்ட கடவுச்சொல்லின் வழியாகவோ அது உள்ளே நுழைகிறது. நுழைந்தவுடன் வேலையைக் காட்டுவதும் இல்லை. அதை ஏவியவர்கள் சில நாள், சில வேளை சில வாரம், சந்தடியின்றி நோட்டம் பார்க்கிறார்கள். அவர்கள் தேடுபவற்றுள் முதன்மையானது நம்முடைய காப்பு நகல். நகல் கையிலிருப்பவன் பணம் கொடுக்கமாட்டான் அல்லவா? அதை அழித்த பின்னரே மற்றக் கோப்புகளைப் பூட்டுகிறார்கள். ஆகவே, கணினியில் எப்போதும் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்கில் நகல் வைப்பது, பேரேட்டின் பிரதியை அதே மேசையின் அடுத்த இழுப்பறையில் வைப்பதற்கு ஒப்பாகும். மேசை பற்றினால் இரண்டும் சாம்பல்தான்.

பெரிய நிறுவனங்களும் இதில் ஏமாந்திருக்கின்றன. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் நிரல் பரவியபோது, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் உலகெங்கும் முடங்கிற்று. மும்பைக்கு எதிர்க்கரையில் நவசேவாவில் அக்குழுமம் பங்கு கொண்டு நடத்திய சரக்குப் பெட்டக முனையத்திலும் வேலை நின்றது. அந்நிரல் 300 டாலர் கேட்டது. கொடுத்தாலும் பூட்டைத் திறக்க வழியே இல்லை. மீட்பு நிரலின் வேஷம் போட்ட அழிப்பு நிரல் அது.

மெர்ஸ்க்கிடம் பல சர்வர்களுக்குக் காப்பு நகல்கள் இருந்தன. ஆனால் யார் யார் உள்ளே வரலாம், எவர் எதைத் திறக்கலாம் என்ற பதிவை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்குத் தனி நகல் இல்லை. ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்றன் பதிவை மற்றொன்று வைத்திருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பது கணக்கு. ஒரே வலையில் இருந்தபடியால் எல்லாம் ஒருங்கே அழிந்தன. தப்பியது ஒன்றே ஒன்று, ஆப்பிரிக்காவின் கானா நாட்டில். எந்த நிபுணரின் முன்யோசனையும் அதைக் காக்கவில்லை. அங்கே மின்சாரம் நின்றுபோய், அது வலையிலிருந்து அறுபட்டிருந்தது! மின்வெட்டை வையாத நாள் நமக்கு உண்டா? அவர்களுக்கு அதுவே வாழ்வளித்தது. கானாவின் இணைய இணைப்பு மெதுவானதாகையால், ஹார்ட் டிஸ்கை நைஜீரியா வரையில் ஒருவர் விமானத்தில் எடுத்துச்சென்று, மற்றொருவர் கையில் கொடுத்து, இங்கிலாந்துக்குச் சேர்த்தார்கள். பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைத்தார்கள். ஆயினும் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனமே மதிப்பிட்டது.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. பல நாள் சீட்டும் பேனாவுமாகவே வேலை நடந்தது. பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்தே நோயாளிகளின் விவரங்கள் மீட்கப்பட்டன.

நம்மைப் போன்ற சிறு தொழிலுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்குகள் வாங்கி, ஒரு நாள் ஒன்றும் மறுநாள் மற்றொன்றுமாக நகல் எடுத்து, எடுத்த கையோடு பிடுங்கிவிடவேண்டும். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் செருகப்படலாகாது. இதை வேலையாளிடம் ஒரு முறை சொன்னால் போதாது. பகைவன் வாரக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடுமாதலால், மாதத்துக்கொரு நகலைத் தனியே ஒதுக்கி வைப்பதும் நன்று. இணையச் சேமிப்பில்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. கணினியில் மாறியதை உடனுக்குடன் அங்கும் மாற்றும் சேவையாயின், கெட்ட கோப்பு அங்கே போய் நல்ல கோப்பின் இடத்தில் அமர்ந்துவிடும். பழைய பதிப்புகள் எத்தனை நாள் இருக்கும், அவற்றை அழிக்கத் தனிக் கடவுச்சொல் வேண்டுமா என்று கேட்டறிதல் அவசியம்.

தாக்குதல் நேர்ந்துவிட்டால் இணைய இணைப்பை உடனே துண்டிக்கவேண்டும். நகல் உள்ள டிஸ்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. பதற்றத்தில் பலர் செய்யும் பிழை இதுவே. இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்கவேண்டும் என்பது 2022இல் பிறந்த ஆணை.

மாதத்தில் ஒரு நாள், கடை மூடிய பின்னர், வேறொரு கணினியில் நகலைத் திறந்து, சென்ற வாரத்துப் பில் ஒன்றைத் தேடிப் பார்ப்போம். முழுக் கணக்கையும் மீட்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வோம். விபத்து நேரும் நாளில் குறைந்தது அவ்வளவு நேரமாவது நம் கடையில் வியாபாரம் நடவாது.