வாணவேடிக்கைப் படமும் லென்ஸின் துளையும்

ஜப்பானின் நாகாவோகா நகரில், ஷினானோ ஆற்றங்கரையில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2, 3 இரவுகளில் நிகழும் வாணவேடிக்கையில், 90 செ.மீ. விட்டமும் ஏறத்தாழ 300 கிலோ எடையும் கொண்ட வாணக்குண்டு 600 மீட்டர் உயரத்துக்கு ஏவப்பட்டு, ஏறக்குறைய அதே அளவு விட்டத்தில் விரிகிறது. இத்தகைய காட்சியைப் படமெடுப்போரில் பலர் ஷட்டரைப் பற்றியே கவலைப்படுகின்றனர். வாணத்தின் பிரகாசத்தைத் தீர்மானிப்பதோ லென்ஸின் துளை.

எரியும் பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆதலால் கேமராவின் உள்ளே ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் எந்தப் புள்ளியிலும் அதன் ஒளி ஒரு கணமே விழுகிறது. ஷட்டரை நான்கு நொடிக்குப் பதில் எட்டு நொடி திறந்துவைத்தால் ஒளிக்கோடு நீளுமே தவிர, அதன் பிரகாசம் கூடாது. அதைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை, துளையின் அளவும் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணுமே. ஐ.எஸ்.ஓ.வை 100இல் நிறுத்தி, துளையை எஃப் 8 முதல் எஃப் 16 வரை மாற்றிப் பார்ப்பது நல்லது. இந்த எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். துளை அளவுக்கு மீறிப் பெரிதானால், ஸ்ட்ரான்ஷியம் தரும் சிவப்பும் பேரியம் தரும் பச்சையும் வெளிறி வெள்ளையாகிவிடும். செம்புச் சேர்மங்கள் தரும் நீலம் இயல்பிலேயே மங்கலானது என்பதால் அதற்கு எஃப் 8 பொருந்தும், மக்னீசியத்தின் கண்கூசும் வெள்ளைக்கு எஃப் 16 வேண்டும்.

ஆயினும் நகர விளக்குகளும் அவற்றின் ஒளி பட்ட புகையும் நெடுநேரப் பதிவில் வானத்தை வெளுக்கச் செய்யும் என்பதால், ஷட்டரை வரம்பின்றித் திறந்துவைக்கலாகாது. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டரைத் திறந்துவைக்கும் பல்ப் என்னும் அமைப்பைத் தேர்ந்து, கேமராவை முக்காலியில் பொருத்தி, தனி விசைக்கம்பியால் இயக்குவது வழக்கம். ஒன்றரை கிலோமீட்டர் தொலைவுக்கு ஒலி வந்துசேர நான்கு நொடிக்கு மேல் ஆகுமாதலால், காதை நம்பாமல், குண்டு மேலேறும்போது தெரியும் ஒளிவாலைக் கண்டே ஷட்டரைத் திறக்க வேண்டும். ஒரே படத்தில் பத்து வாணங்களை அடுக்குவோரும் உண்டு. மூன்றுக்கு மேல் அது நெரிசலே.

ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் நாகாவோகா வாணத்தின் உச்சி தரையிலிருந்து சுமார் 31 பாகைக் கோணத்தில் தெரியும், 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட கேமராவைச் செங்குத்தாக நிறுத்தினால் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 40 பாகையை அடக்கும். ஆற்றங்கரையை நெருங்கினால் 24 மி.மீ. போன்ற அகன்ற பார்வை லென்ஸ் தேவைப்படும் என்பதால், இரண்டுக்கும் உதவும் 24–70 ஜூம் லென்ஸே சிறந்த தேர்வு. இருளில் தானியங்கிக் குவியம் தடுமாறுமாகையால், தொலைவிலுள்ள விளக்கொன்றில் குவியத்தைச் சரிசெய்து, பின் அதைக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும்.

புகை சேரச் சேர அடுத்தடுத்த படங்கள் மங்கிவிடுமாதலால், காற்று முதுகில் படும் இடமாகப் பார்த்து நின்று, அமைப்புகளையெல்லாம் முன்னரே முடித்துக்கொண்டு, முதல் சில நிமிடங்களிலேயே நல்ல படங்களை எடுத்துவிடுவது நலம்.