துள்ளும் பந்தும் வலை முடிச்சும்



தொண்டைமானாறு என்றதும் பலருக்குச் செல்வச்சந்நிதி முருகன் கோயில் நினைவுக்கு வரும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்ற வடபுலத்து மாணவருக்கோ, தவணைத் தேர்வு வினாத்தாளின் தலைப்பிற் கண்ட 'வெளிக்கள நிலையம்' என்னும் பெயரும் உடன் வரும். வெளிக்களம் என்பது பொருளை அது இருக்குமிடத்திற் சென்று கண்ணாற் காண்பது. இரசாயன பாடத்திலோ, 'குறுக்கிணைப்பு' என்பதற்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி பெறும் மாணவர் பலர் அதனைத் தம் விரலால் உணர்ந்ததேயில்லை. ஆய்கூட வசதி போதாது என்பது நாம் கூறும் சமாதானம். இதற்கு ஆய்கூடமே வேண்டியதில்லை.

தச்சர் பலகை ஒட்டும் வெள்ளைப் பசை, பொற்கொல்லர் பற்றவைப்பிற்குப் பயன்படுத்தும் வெண்காரம், அடுக்களையிலுள்ள சோளமா ஆகிய மூன்றும் போதும். இரண்டு மேசைக்கரண்டி இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி வெண்காரத்தைக் கரையுங்கள். வேறொரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி பசையை விட்டு, அதன்மேல் அக்கரைசலில் அரைத் தேக்கரண்டியும் ஒரு மேசைக்கரண்டி மாவும் இடுங்கள். பத்துப் பதினைந்து விநாடி பொறுத்துக் கிளறி, இறுகியதும் கையில் எடுத்து உருட்டினால் பந்து உருவாகும். வெண்காரம் வாய்க்குள் போகலாகாது; வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவவேண்டும். எருக்கம்பால் உதவாதா எனச் சில பிள்ளைகள் கேட்பார்கள். அது கண்ணுக்குக் கேடு, தொடவே வேண்டாம்.

உள்ளே நிகழ்ந்தது என்ன? தொண்டைமானாற்றுக் கடனீரேரியில் வலை வீசுவோரைக் கண்டிருப்பீர்கள். முடிச்சில்லாத நூல்கள் வெறும் நூற்குவியல். முடிச்சு விழுந்தபின்னரே அது வலை. பசையின் மூலக்கூறுகள் நீண்ட நூல்கள். வெண்காரம் அவற்றை இடையிடையே முடிச்சிடுகிறது. முடிச்சுக் குறைந்தால் களி; மிகுந்தால் பந்து விறைத்து வெடிக்கும்.

எனவே அளவு எது என்பதுதான் கேள்வி. இங்கே ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாதிருப்பது நலம். ஒவ்வொரு குழுவும் ஒன்றை மட்டும் மாற்றட்டும்: ஒரு குழு மாவை, மற்றொன்று வெண்காரக் கரைசலை. 100 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பந்தை விடுத்து, எழும் உயரத்தைச் சுவரில் ஒட்டிய அளவுகோலிற் குறிக்கட்டும். 40 சென்ரிமீற்றர் எழுந்தால், விழுந்த சக்தியில் நூற்றுக்கு நாற்பது பங்கு மீண்டது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாயிற்று. போட்டிக்குரிய ரெனிஸ் பந்து 100 அங்குலத்திலிருந்து விழுந்தால் 53 முதல் 58 அங்குலம் வரை எழவேண்டும் என்பது விதி. பிள்ளைகளின் பந்து அதனை எட்டாது போகலாம். ஏன் எட்டவில்லை என்று அவர்கள் வாதாடும் அரைமணி நேரமே அன்றைய பாடம்.

பந்தை இரவு முழுவதும் மேசையில் விட்டுவிடுங்கள். காலையில் அது அப்பம்போற் தட்டையாகிக் கிடக்கும்! வெண்காரத்தின் முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து மீண்டும் விழுபவை. திடீரென மோதினால் அவிழ நேரமின்றித் துள்ளும். ஆறுதலாக இருந்தால் வழியும்.

நமது நாட்டிற்கு இறப்பர் மரம் வந்தது 1876இல், கெனரத்கொடைத் தோட்டத்திற்கு. அதன் பாலும் தனியே உறைந்தால் வெயிலிற் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சாள்ஸ் குட்இயர் கந்தகத்துடன் சூடாக்கியபோது விழுந்த முடிச்சுகள் எளிதில் அவிழாதவை. அதனாற்றான் கடைப்பந்து மறுநாளும் உருண்டையாகவே இருக்கிறது. தட்டையான பந்தை எறிந்துவிடாதீர்கள். மீண்டும் உருட்டி, எழும் உயரம் நேற்றைய அளவுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.