நகரத்துக்குக் கீழே ஒரு நகரம்



பிரான்சு நாட்டின் தலைநகரம் பாரிஸ். அதற்கு வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் ரான்ஸ் என்ற பழைய ஊர் இருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் இதை ரீம்ஸ் என்பார்கள். பிரெஞ்சு மன்னர்களுக்கு முடிசூட்டிய பெரிய மாதா கோயில் இங்கேதான் உள்ளது. வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து அந்தக் கோபுரங்களைப் பார்க்கிறார்கள். பிறகு குனிந்து படியிறங்கி மண்ணுக்கடியில் போகிறார்கள். ஏனெனில் இந்த ஊருக்குக் கீழே இன்னொரு நகரமே இருக்கிறது. ஷாம்பெயின் எனப்படும் திராட்சை மதுவைப் பாதுகாக்கும் நிலவறைகள் அவை.

மது என்றதும் தாய்மார்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குடியால் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயமே. நான் இன்று மதுவின் பெருமை பேச வரவில்லை. அந்த நிலவறைகளை வெட்டியவர்கள், அங்கே பாடுபட்டவர்கள், ஒரு காலத்தில் அங்கே பாடம் படித்த குழந்தைகள், இவர்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

முதலில் இந்த நிலவறைகள் எப்படி உண்டாயின என்று பார்ப்போம். ஏழு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அந்த வட்டாரம் கடலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு கடல் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஆயின. பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி போல் மென்மையான பாறை அது. இடைக்காலத்தில் வீடும் மதிலும் கட்ட மக்கள் அதை வெட்டியெடுத்தார்கள். சில குழிகள் ரோமானியர் காலத்தவை என்றும் வழிவழியாகச் சொல்வார்கள்.

வெட்டிய விதத்தைக் கேளுங்கள். மேலே ஒரு சிறிய வாய் மட்டும் திறந்து, கீழே போகப் போக அகலமாக்கிக்கொண்டே போனார்கள். தரையில் கவிழ்த்து வைத்த புனல் போன்ற வடிவம். வாய் சிறியதாக இருந்ததால் மழையும் பனியும் உள்ளே அதிகம் புகவில்லை. மேலேயுள்ள நிலமும் வீணாகவில்லை. கல்லைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். இப்படி 30 மீட்டருக்கும் மேல் ஆழமான குழிகள் அங்கே உள்ளன. கல் எடுத்து முடிந்ததும் அவை வெறுமனே கிடந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டில் மது வணிகர்களின் கண் அவற்றின்மேல் விழுந்தது. அவ்வளவு ஆழத்தில் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. காற்றில் எப்போதும் ஈரம். வெளிச்சமும் குறைவு. புட்டிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க இதைவிட நல்ல இடம் வேறில்லை. 1729ஆம் ஆண்டில் தொடங்கிய ருய்னார் நிறுவனம் இக்குழிகளை முதலில் பயன்படுத்தியவற்றுள் ஒன்று.

அடுத்து ஒரு பெண்மணியின் கதை. லூயிஸ் பொம்மெரி என்ற அம்மையார் 1858இல் கைக்குழந்தையோடு விதவையானார். அழுது மூலையில் உட்காராமல் கணவரின் வணிகத்தைத் தாமே ஏற்று நடத்தினார். 1868இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் உழைத்து, ஊர்ப்புறத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த 120 குழிகளைச் சுரங்கப் பாதைகளால் ஒன்றோடொன்று இணைத்தார். மொத்தம் 18 கிலோமீட்டர்! பாதைகளுக்கெல்லாம் உலக நகரங்களின் பெயர். பாறைச் சுவரில் சிற்பங்களும் செதுக்கச் செய்தார். தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதியும் மருத்துவ நிதியும் ஏற்படுத்தியவர் என்றும் அவரைப் போற்றுகிறார்கள். இன்று அங்கே போகிறவர்கள் 116 படிகள் இறங்கவேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருப்பது நல்லது.

கீழே நடந்த வேலை எப்படிப்பட்டது? ஷாம்பெயின் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கிறது. அப்போது உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபடுகிறது. அந்த அழுத்தம் கார் டயரில் உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பழைய காலத்தில் புட்டிக் கண்ணாடிக்கு வலுப் போதாது. ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் சேர்ந்து வெடிக்கும். கண் போகும், முகம் கிழியும். ஆகவே தொழிலாளர்கள் முகத்தில் இரும்புக் கம்பிக் கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

இன்னொரு வேலை புட்டியைத் திருப்புவது. உள்ளே தங்கும் வண்டல் கழுத்துப் பக்கம் இறங்குவதற்காக, ஓட்டையிட்ட பலகைகளில் புட்டிகளைச் சாய்த்து வைத்து, நாள்தோறும் கொஞ்சம் திருப்பிக் கொஞ்சம் சாய்ப்பார்கள். கைதேர்ந்த ஒருவர் ஒரே நாளில் பல்லாயிரம் புட்டிகளைத் திருப்பிவிடுவார். விளக்கொளியில், குளிரில், வாரக்கணக்கில் இதே வேலை. விடியலுக்குமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி இறங்கலாம் என்று விரலாலேயே அறிந்து பால் வெட்டியவர்களுக்கு இந்தக் கைப்பழக்கத்தின் அருமை புரியும். இப்பொழுது பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகளே புட்டிகளைத் திருப்புகின்றன.

நேயர்களே, இனிச் சொல்லப்போவதுதான் இந்த நிலவறைகளின் வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரான்ஸ் நகருக்குள் புகுந்து, சில நாள்களில் பின்வாங்கியது. ஆனால் வெகுதூரம் போகவில்லை. ஊரைச் சுற்றியிருந்த மேடுகளில் பீரங்கிகளை நிறுத்திக் குண்டு மாரி பொழிந்தது. மாதா கோயிலும் தீப்பற்றி எரிந்தது. 1918 வரை இந்தக் கொடுமை நீடித்தது. நகரத்தின் பெரும்பகுதி இடிபாடாயிற்று.

மக்கள் எங்கே போவார்கள்? நிலவறைகளில் இறங்கினார்கள். புட்டி வரிசைகளுக்கிடையே கட்டில் போட்டார்கள், அடுப்பு மூட்டினார்கள். ஆண்கள் போர்முனையில் இருந்ததால் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களுமே மேலே போய்த் திராட்சை பறித்தார்கள். குண்டுபட்டுத் திரும்பாதவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட நேரத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? அந்த ஊரார் நினைத்தார்கள். 1914 டிசம்பரில் பொம்மெரி நிலவறையில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. பிறகு வேறு நிலவறைகளிலும் வகுப்புகள் தொடங்கின. படைத்தலைவர்களின் பெயர்களை அப்பள்ளிகளுக்குச் சூட்டினார்கள். ஒக்தாவ் ஃபோர்சான் என்ற பள்ளி ஆய்வாளர் அவற்றை மேற்பார்த்தார். மேலே குண்டு அதிர, கீழே விளக்கொளியில் ஆசிரியைகள் எழுத்தும் கணக்கும் கற்பித்தார்கள். நச்சுப்புகை அபாயம் வந்தபின் பிள்ளைகள் புத்தகப்பையோடு முகமூடியையும் சுமந்தார்கள்.

வீடு இடிந்தால் மீண்டும் கட்டலாம். கோயிலையும் பிற்பாடு புதுப்பித்தார்கள். ஆனால் ஒரு பிள்ளை படிக்கவேண்டிய வயதில் படிக்காமல் போனால் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அந்தத் தாய்மார்கள் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் நாளை உயிரோடிருப்போமா என்று தெரியாத நிலையிலும் பிள்ளைகளின் கையில் பலகையைக் கொடுத்தார்கள்.

ஷாம்பெயின் வட்டாரத்துத் திராட்சை மலைச்சரிவுகளையும் இந்த நிலவறைகளையும் ஐக்கிய நாட்டு யுனெஸ்கோ நிறுவனம் 2015இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்குமிருந்து பயணிகள் வந்து போகிறார்கள். பலர் அடுக்கி வைத்த புட்டிகளைப் பார்த்து வியக்கிறார்கள். நாம் வியக்கவேண்டியவர்கள் வேறு. உளியால் பாறையைக் குடைந்தவரும், இரும்பு முகமூடி அணிந்து நின்றவரும், மண்ணுக்கடியிலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாத தாயும்தாம் அவர்கள். உங்கள் வீட்டிலும் பள்ளிக்குப் போகச் சோம்பும் பிள்ளை இருந்தால், இன்றிரவு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.