முதலிடத்து வெள்ளி

ஒலிம்பிக் விழாவில் 1912 முதல் 1948 வரை, ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் வழங்கியதைப் போலவே கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகிய ஐந்து கலைகளுக்கும் பதக்கம் வழங்கினர் என்பது நேயர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த பியேர் த குபெர்த்தேன் முன்மொழிந்த அக்கலைப் போட்டிகளில், விளையாட்டைப் பொருளாகக் கொண்ட படைப்புகளே ஏற்கப்பட்டன.

அவற்றில் பங்கேற்றோருள் தனித்து நிற்பவர் ஹங்கேரியக் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரெட் ஹயோஷ். பதின்மூன்று வயதில் தந்தையைத் தன்யூப் ஆற்றுக்குப் பறிகொடுத்த அவர், அதன்பின் நீச்சலில் தேர்ந்தே தீர்வது என்று உறுதி பூண்டார். கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே, 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 1200 மீட்டர் என இரு நீச்சல் போட்டிகளிலும் வென்றார். நீச்சல்குளத்தை மனத்தில் கொண்டு கேட்கும் நேயர்கள் அதைக் கடலாக மாற்றிக்கொள்ள வேண்டும். படகில் ஏற்றிச்சென்று திறந்த கடலில் இறக்கிவிடப்பட்ட வீரர்கள் கரையை நோக்கி நீந்த, ஹயோஷ் குளிரைத் தாங்குவதற்காக உடலெங்கும் கொழுப்பைத் தடிமனாகப் பூசிக்கொண்டு அலைகளை எதிர்கொண்டார். அவ்விழாவில் முதலிடத்துக்கே வெள்ளிப் பதக்கம்தான் என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஏனெனில் 1924இல், பாரிஸ் ஒலிம்பிக்கின் கட்டடக்கலைப் போட்டிக்கு, டென்னிஸ் வீரரும் கட்டடக்கலைஞருமான தெஜோ லாவுபெருடன் இணைந்து விளையாட்டரங்க வரைபடம் ஒன்றை அவர் அனுப்பியபோது, நடுவர்கள் எவருக்கும் தங்கம் தராமல் இவ்விருவருக்கும் வெள்ளியை வழங்கினர். ஆகவே கடலிலும் காகிதத்திலும் அவர் எல்லோருக்கும் முன்னே நின்று பெற்றது வெள்ளியே.

எனினும் அவருடைய புகழுக்கு நிலையான சான்று பதக்கம் அன்று. தந்தையை விழுங்கிய அதே தன்யூபின் நடுவே, புடாபெஸ்ட்டின் மார்கரெட் தீவில், 1930இல் திறக்கப்பட்ட நீச்சல்குள வளாகத்தை வடிவமைத்தவர் அவரே. ஆழம் அறியாமல் அஞ்சும் பிள்ளையும் பதக்கத்தை நாடும் வீரரும் அச்சமின்றி இறங்கத்தக்க நீரை அந்த ஆற்றின் நடுவிலேயே அமைத்துத் தந்த அவ்வளாகம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

கலைஞர்கள் கலையையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறையினர் என்பதால், ஊதியம் பெறாதோர் மட்டுமே போட்டியிடலாம் என்னும் அமெச்சூர் விதிக்கு அவர்கள் ஒவ்வாதவர் எனக் கருதப்பட்டு, 1948க்குப் பின் கலைப் போட்டிகள் கைவிடப்பட்டன. போட்டி மறைந்தாலும் அது காட்டிய வழி மறைய வேண்டியதில்லை. விளையாட்டரங்கமும் நீச்சல்குளமும் எழுப்பும் ஊர்கள், முதற்கோடு வரைவதற்கு முன்பே, அங்கே ஓடப்போகிறவரையும் நீந்தப்போகிறவரையும் அழைத்துக் கேட்கட்டும்.