தெருவின் தடிமன் யார் கணக்கு?
(தூத்துக்குடியில் நடந்த தெருமுனைக் கூட்டமொன்றில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் அங்குலக் கணக்குப் பேசப் போகிறேன். நாம் குடியிருக்கும் தெருக்களின் ரோடு எத்தனை அங்குலம் கனமாக இருக்க வேண்டும், அதை நிர்ணயிப்பது யார் என்பதுதான் விஷயம். “கூலிப் பிரச்சினை கிடக்கிறது, வேலைப் பிரச்சினை கிடக்கிறது, ரோட்டுக் கனத்தைப் பேச வந்துவிட்டாரே” என்று முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி முணுமுணுப்பது கேட்கிறது. அண்ணாச்சி, போட்ட ரோடு ஒரு மழைக்குப் பெயர்ந்தால், திரும்பப் போடும் பணம் யாருடையது? நீங்களும் நானும் கட்டுகிற வீட்டு வரி அல்லவா அது! ஆகவே இதுவும் கூலிப் பிரச்சினைதான்.

நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன், இஞ்சினீயர் அல்ல. ஆனால் இந்த விஷயம் இஞ்சினீயருக்கு முன்னால் நமக்குத் தெரிந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தலையில் மூட்டை ஏற்றுமுன் என்ன செய்வீர்கள்? சும்மாடு வைப்பீர்கள். எதற்கு? மூட்டையின் பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் தலை முழுவதும் பரவ வேண்டும். ரோடு என்பதும் மண்ணின் தலையில் வைத்த சும்மாடுதான். அடியில் சரளை, அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேலே தார். மேலே போகப் போக உறுதி கூடும். லாரிச் சக்கரம் ஒரு கையகல இடத்தில் அழுத்தும் பாரத்தை இந்த அடுக்குகள் விரித்து விரித்து, மண் தாங்குகிற அளவுக்கு மெலிதாக்கிக் கீழே இறக்குகின்றன. தார் கனமாக இருந்தால் ரோடு பலம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். தெரு ரோட்டில் தார் குடை மாதிரி. தண்ணீர் உள்ளே இறங்காமல் காக்கும். பாரத்தைத் தாங்குகிற முதுகு அடியிலிருக்கும் கருங்கல்தான். இருநூறு வருஷங்களுக்கு முன் ஸ்காட்லாந்துக்காரர் மக்காடம் இதைச் சொல்லிவிட்டார்: பாரத்தைக் கடைசியில் சுமப்பது மண், அந்த மண்ணை நனையாமல் வைத்தால் பத்து அங்குல ஜல்லி போதும் என்றார். அவர் பார்த்தது குதிரை வண்டி. நாம் பார்ப்பது டிப்பர் லாரி.

ஆகவே சும்மாட்டின் கனத்தை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. தலை எவ்வளவு மென்மை? மூட்டை எவ்வளவு பாரம்?

முதலில் மண். மண்ணைப் பரீட்சை செய்ய உலகமெங்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது, சி.பி.ஆர். பரீட்சை என்பார்கள். மண்ணை இரும்பு அச்சில் இடித்து நிரப்பி, நான்கு நாள் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புத் தண்டை அதில் அழுத்துவார்கள். உடைத்த நல்ல கல்லில் அந்தத் தண்டு இரண்டரை மில்லிமீட்டர் இறங்க 1370 கிலோ பாரம் வேண்டும். நம் மண்ணில் 137 கிலோவிலேயே இறங்கினால் அது பத்து சதவீத மண். 27 கிலோவில் இறங்கிவிட்டால் வெறும் இரண்டு சதவீதம். முன்னது நல்ல மண், பின்னது கஞ்சி.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். திரேஸ்புரத்துப் பக்கம் கடல் மணல். ஓரம் சரியாமல் கட்டிவைத்தால் மணல் நன்றாகவே பாரம் தாங்கும். உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் ஈரம் காயாத களி. கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்குக் கரிசலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சித்திரையில் கால் நுழையும் வெடிப்பு, ஐப்பசியில் காலைப் பிடித்து இழுக்கும் சேறு. இந்த மூன்று மண்ணுக்கும் ஒரே கனத்தில் எஸ்டிமேட் போட்டால் அது நிர்ணயமா? டாக்டர் எல்லா நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கலக்கிக் கொடுப்பது போல!

அடுத்து மூட்டை. 1958லிருந்து 1960வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோடுகள் போட்டு, இரவு பகலாக லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிந்த உண்மை இது. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டின் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு! சைக்கிளும் ஸ்கூட்டரும் லட்சம் முறை போனாலும் ரோட்டுக்கு ஒன்றுமில்லை. பாரம் ஏற்றிய ஒரு லாரி போதும்.

2018 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சு 10.2 டன் சுமக்கலாம் என்றிருந்ததை 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை கூடியது எட்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன கணக்கின்படி ரோட்டின் சேதமோ ஒன்றரை மடங்குக்கு மேல், சுமார் 1.6 மடங்கு. சரக்கு முதலாளிக்கு ஒரு நடையில் கூடுதல் லாபம். ஆனால் அதற்குமுன் போட்ட தெருக்கள் அந்த உத்தரவைப் படித்துவிட்டு ஓர் அங்குலம் வளர்ந்தனவா? தண்ணீர் லாரியும், உப்பு லாரியும், வீடு கட்ட ஜல்லி ஏற்றிய டிப்பரும் அதே பழைய தெருவில்தான் வருகின்றன.

சரி, இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 1934ல் ஏற்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்புதான் நம் நாட்டு ரோடுகளுக்கு நியமம் எழுதுகிறது. 1943ல் நாகபுரியில் பிரதம இஞ்சினீயர்கள் கூடி ரோடுகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, பெரிய ஜில்லா ரோடு, இதர ஜில்லா ரோடு, கிராம ரோடு என்று ஐந்து ஜாதியாகப் பிரித்தார்கள். தொழிலாளி குடியிருக்கும் பட்டணத் தெரு இந்த ஐந்தில் எதிலும் இல்லை! இன்றைக்கும் தார் ரோட்டின் கனத்துக்கு ஐ.ஆர்.சி. 37 என்ற புத்தகம் உண்டு. 1970ல் முதலில் வந்தது, 2018ல் திருத்தப்பட்டது. இருபது லட்சம் அச்சுக்குக் குறைவான போக்குவரத்து என்றால், கிராம ரோட்டுக்கென எழுதிய வேறு புத்தகத்தைப் பார் என்கிறது அது. ஆகவே நம் சந்து எத்தனை லாரி பார்க்கிறது என்று யாரும் எண்ணாவிட்டால், எந்தப் புத்தகம் என்பதே தெரியாது.

பேவர் பிளாக் கல்லிலும் இதே கதை. 2006ல் வந்த இந்தியத் தர நியமம், ‘குடியிருப்பு ரோடு’ என்றால் 60 மில்லிமீட்டர் கனம், எம்-35 ரகம் என்றது. ‘நகரத் தெரு’ என்றால் 80 மில்லிமீட்டர், எம்-40 ரகம். நம் தெரு எது? வீடுகள் இருப்பதால் குடியிருப்பு. பட்டணத்தில் இருப்பதால் நகரத் தெரு. எந்தப் பெயரை எழுதுகிறார்களோ அதைப் பொறுத்து 20 மில்லிமீட்டர் கல் நம் தெருவுக்கு வரும் அல்லது வராது. பேனா முனையில் போகிற கல் அது. காண்டிராக்டர் திருடுகிறார் என்று கூச்சல் போடுமுன் எஸ்டிமேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுதியதே குறைவு என்றால் அவர் யோக்கியமாகப் போட்டாலும் ரோடு நிற்காது.

இதே கரையில் 1961வரை முத்துக் குளித்தார்கள். முத்தைத் தரம் பிரிக்கத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் அளவுக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள் வியாபாரிகள். கடுகளவு முத்துக்கு அத்தனை சல்லடை! ஜல்லிக்கும் சட்டப்படி சல்லடைப் பரீட்சை உண்டு. அதை நம் தெருவில் நடத்திக் கண்டவர் கை தூக்குங்கள், பார்ப்போம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கனம் வேண்டும் என்றதும், “மேலே மேலே போடு” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அது தவறு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேல் புதிதாகப் போட்டால் தெரு உயரும், வாசற்படி தாழும். மாடி வீட்டுக்காரர் நாலு படி கட்டிக்கொள்வார். ஓட்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? 2021 மே மாதம் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புது ரோடு போடவேண்டும் என்று உத்தரவிட்டார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தூத்துக்குடித் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றதும் உங்களுக்குத் தெரியும். அத்தனை மழைக்கு ரோடுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெருவுக்குக் கீழே கிடந்த வீட்டில் தண்ணீர் முதலில் புகுந்தது, கடைசியில் வெளியேறியது. பக்கிள் ஓடைக்குப் போகவேண்டிய தண்ணீரை அடுக்களைக்கு அனுப்புகிற ரோடு எத்தனை கனமாக இருந்து என்ன பிரயோஜனம்? ஆகவே நம் கோரிக்கையில் இரண்டு அளவு இருக்கட்டும்: ரோட்டின் கனம், வாசற்படியிலிருந்து ரோட்டின் தாழ்வு.

பாதாளச் சாக்கடைக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் தோண்டிய பள்ளத்தை வெறும் மண்ணால் மூடி மேலே தார் பூசுவது தனிக் கொடுமை. தோண்டுமுன் எத்தனை அடுக்கு இருந்ததோ அத்தனை அடுக்கும் அந்தப் பள்ளத்தில் திரும்ப வரவேண்டும்.

என்ன செய்யலாம்? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் காகிதம் கேட்கிற சட்டம் மட்டுமல்ல. நடக்கிற வேலையைப் பார்வையிடவும், போடுகிற பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் அதில் உரிமை உண்டு. எஸ்டிமேட்டையும், அளவுப் புத்தகத்தையும், மண் பரீட்சை அறிக்கையையும் கேளுங்கள். மண் பரீட்சையே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அங்கே வெறும் கையோடு போகாமல், நம் தெருவில் காலை ஆறு முதல் இரவு பத்துவரை எத்தனை லாரி வந்தது என்ற கணக்கோடு போங்கள். ஒரு வாரம் எண்ணினால் போதும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே எண்ணிவிடுவார்கள்.

வேலை நடக்கும்போது நாடாவை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். தார் ஊற்றிய பிறகு அல்ல. சரளை போட்டு ரோலர் ஓடியதும் ஒருமுறை, ஜல்லி போட்டு ரோலர் ஓடியதும் ஒருமுறை. கொட்டிய உயரத்தைக் காட்டி ஏமாற்றுவார்கள்; ரோலர் ஓடிய பிறகு உள்ள உயரம்தான் கணக்கு. கான்கிரீட் தெருவென்றால் பலகையின் உயரத்தை அளந்தால் போதாது. நடுவில் அடிமண்ணை மேடாக விட்டுப் பலகையை மட்டும் ஆறு அங்குலம் வைக்கிற வித்தை உண்டு. பலகைக்குப் பலகை நூல் கட்டி, நூலிலிருந்து தரைவரை அளவுகோலை இறக்கிப் பாருங்கள். நடுவில் ஓர் இடம், இரு ஓரத்திலும் ஓர் இடம், பத்தடிக்கு ஒருமுறை. தேதி போட்டு எழுதி, பார்த்தவர் இருவர் கையெழுத்தும் வாங்கிவிட்டு, பிறகு கான்கிரீட்டைக் கொட்ட விடுங்கள்.