மென்பொருளைச் சோதிப்பவர் நிரல் அறிந்திருக்க வேண்டுமா?

(அரசு அலுவலர் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)

அலுவலகக் கணக்கும் பதிவும் கணினிக்கு மாறிவிட்ட இந்நாளில், புதிய மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் அதைச் சோதித்து ஏற்கும் பொறுப்பு பல துறைகளின் அலுவலர்களிடம் வந்து சேர்ந்துள்ளது. இப்பணிக்கு நிரல் எழுதத் தெரிந்தவரே தகுதியுடையவர் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். நிரல் அறியாதவரே பயன்படுத்துவோரின் கண்கொண்டு பார்ப்பார் என்பது மற்றொரு சாராரின் வாதம். இரண்டையும் ஒரு கணக்கில் வைத்து உரசிப் பார்ப்பது நல்லது.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையையொட்டி, 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வழங்கப்படுகிறது. இது 85 வயதில் 30, 90இல் 40, 95இல் 50 சதவீதமாக உயர்ந்து, 100 வயதில் 100 சதவீதமாகிறது. இதைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்று சோதனைக்கு வந்துள்ளதாக வைத்துக்கொள்ளலாம்.

நிரல் அறியாதவர் 82, 87 என்று சில வயதுகளைக் கொடுத்துப் பார்ப்பார்; விடை சரியாகவே வரும். நிரல் அறிந்தவரோ அவ்வளவில் நிற்கமாட்டார். ‘80க்கு மேல்’ என்பதற்கும் ‘80 அல்லது அதற்கு மேல்’ என்பதற்கும் நிரலில் ஒரு குறியே வேறுபாடு என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வயது வரம்புகளிலேயே முதலில் கை வைப்பார். சதவீதத்திற்கு இரண்டு இலக்க இடம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்குமோ என்றும் ஐயுறுவார். அவ்வாறாயின் 100 என்பது 00 ஆகிவிடக்கூடும். இரட்டிப்பாக வேண்டிய ஓய்வூதியத்தில் கூடுதல் தொகையே இல்லாமற்போகும். நூறாண்டு வாழ்ந்தோர் மிகச் சிலரே ஆதலால், இத்தகைய பிழை தற்செயலாகக் கண்ணில் படுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆயினும் விதியில் இன்னொரு நுட்பம் உண்டு. கூடுதல் தொகை பிறந்த நாளிலிருந்து அன்று, அந்த வயது நிறையும் மாதத்தின் முதல் நாளிலிருந்தே வழங்கப்பட வேண்டும். ஆகஸ்டு 20இல் 80 நிறைபவருக்கு ஆகஸ்டு 1 முதலே உரிமை உண்டு. நிரலில் மட்டும் தேர்ந்தவர் இதை எங்ஙனம் அறிவார்? பிறந்த நாளிலிருந்து கணக்கிடும் நிரல் அவருக்குக் குற்றமற்றதாகவே தோன்றும். ஓய்வூதியப் பிரிவில் பல்லாண்டு கோப்புப் பார்த்த எழுத்தரோ ஒரு நொடியில் பிடித்துவிடுவார். பழைய ஓய்வூதிய ஆணைகள் சிலவற்றில் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியின் பிறந்த தேதியே குறிக்கப்பட்டிராது என்பதும் அவருக்குத்தான் தெரியும். தேதி இல்லாத இடத்தில் மென்பொருள் என்ன செய்கிறது? அக்கேள்வியை எவரும் எழுப்பாவிடில் இழப்பு அம்மூதாட்டிக்கே.

பெருந்திட்டங்களிலும் இந்நிலையே காணப்படுகிறது. 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட், தன் முதற்பயணத்தில் ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடைக்க நிரல் முயன்றதில் கோளாறு தொடங்கியது. அந்நிரல் ஏரியேன் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. புதிய ராக்கெட்டின் பாதையோ வேறு. புதிய பாதையின் தரவுகளைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. எண் அவ்விடத்தில் அடங்குமா என்று ஐயுற நிரலறிவு வேண்டும். அது எவ்வளவு பெருகும் என்று சொல்லப் பாதையை அறிந்தவர் வேண்டும்.

நிரலறிவு சோதனையாளரின் திறனை உயர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் நிரல் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து ஆட்களைப் பொறுக்குவது தவறாகும். நிபந்தனை, சுழற்சி, தரவு வகை ஆகியவற்றை எழுத்தருக்குச் சில வாரங்களில் கற்பித்துவிடலாம். விதிகளில் அவருக்குள்ள பழக்கம் ஆண்டுக்கணக்கில் வந்தது. ஆனால் அலுவலகங்களின் வழக்கம் வேறாக உள்ளது. சோதனை நடைபெறும் நாட்களில் அவரை அன்றாடக் கோப்புகளிலிருந்து விடுவிப்பதில்லை. கடைசி நாள் மாலையில் ஏற்புச் சான்றில் கையெழுத்திட மட்டும் அழைக்கின்றனர்.