எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் முடிவும் சரியாக இருக்கும்
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிவத்தோடு வீடு வீடாக வரும் எங்கள் ஆட்களிடம் நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போன மாதமும் ஒரு ஆள் வந்து இதையேதானே எழுதிக்கொண்டு போனவர், இன்னும் எத்தனை தரம் எழுதப் போறியள்?" நியாயமான கேள்வி. எழுதிக்கொண்டு போவதை வைத்து எப்படி முடிவெடுக்கிறார்கள், பிழை எங்கே நுழைகிறது, அதைத் திருத்த நீங்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், "ஒரு குடும்பம்" என்றால் என்ன? எங்களுக்குத் தெரிந்ததுதானே என்பீர்கள். ஓர் உதாரணம் பாருங்கள். 1990 ஒக்டோபரில் முசலியில் இருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக்குப் போன ஒரு குடும்பம். தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள். ஒரு குடும்பம், ஒரு காணி. இருபது வருடம் கழித்துத் திரும்பி வரும்போது நான்கு பிள்ளைகளும் கலியாணம் முடித்துவிட்டார்கள். இப்போது ஐந்து குடும்பம், காணி அதே ஒன்று. பழைய பதிவைப் பார்ப்பவர் "ஒன்று" என்று எழுதுவார். அடுப்பை எண்ணுபவர் "ஐந்து" என்று எழுதுவார். இரண்டு பேருமே பொய் எழுதவில்லை. ஆனால் எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதில் நான்கு குடும்பங்களின் கூரை தங்கியிருக்கிறது.

இராமேஸ்வரம் வழியாகப் போய், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கு வேறொரு சிக்கல். அங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு முடியவில்லை என்றால், பத்திரம் இல்லாத பிள்ளை என்று பெயர் விடுபட்டுப்போகலாம். பத்திரம் வரும்வரை காத்திராமல் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். "பத்திரம் இன்னும் இல்லை" என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது, "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி. 1981 குடிசனமதிப்பில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 106,235. 2012 இல் 99,570. முழு நாட்டின் சனத்தொகையும் கூடிய 31 வருடத்தில் மன்னாரில் குறைந்திருக்கிறது. இடையில் 1991 இல் குடிசனமதிப்பே நடக்கவில்லை. 2001 இல் நடந்தது இந்த மாவட்டத்தில் முழுமை பெறவில்லை. 2012 இல் ஒருவர் வழமையாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவரை எண்ணினார்கள். தகப்பன் சிலாவத்துறையில் கொட்டில் போட்டுக் காணி துப்புரவாக்க, தாயும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளத்தில் இருந்தால் அந்தக் குடும்பம் எங்கே? குடிசனமதிப்பு ஒரு பதில் தரும், மீள்குடியேற்றப் பட்டியல் இன்னொரு பதில் தரும். அதனால் ஒரு எண்ணைப் பார்த்ததும், என்ன கேள்விக்கு, எந்த மாதத்தில் கிடைத்த எண் இது என்று கேட்க வேண்டும்.

மாதம் ஏன் முக்கியம்? "கிணறு இருக்கிறதா?" என்று தை மாதத்தில் கேட்டால் "இருக்கிறது" என்பீர்கள். மழை முடிந்து தண்ணீர் நல்லாக இருக்கும். அதே கிணறு ஆவணியில் வற்றியிருக்கும், அல்லது உவர்ப்பாகியிருக்கும். தை மாதத்துப் பதிலை வைத்து முடிவெடுத்தால் ஆவணியில் பவுசர் வராது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் அப்படித்தான். குடும்பத் தலைவரிடம் மட்டும் தொழிலைக் கேட்டால் "கடற்தொழில்" என்று ஒரு சொல் வரும். வள்ளம் வைத்திருப்பவரா, கூலிக்குப் போகிறவரா என்று தெரியாது. கருவாடு போடுகிற, நண்டு தெரிகிற மனைவியின் உழைப்பு படிவத்தில் ஏறவே ஏறாது. பிறகு தொழில் உதவி வரும்போது அவருக்கு ஒன்றும் இருக்காது.

ஆகவே நம்பகமான தகவலுக்கு ஒரே வழி போதாது. உங்களைக் கேட்க வேண்டும். கண்ணால் பார்க்க வேண்டும். கிராம அலுவலரின் பதிவோடும் பிரதேச செயலகத்தின் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துவராத இடத்தில் திரும்பப் போக வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டாம் தரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுவனங்கள் தங்களுக்குள் தகவலைப் பகிராமல் ஆளுக்கொரு படிவம் கொண்டு வருவதும் உண்டு. அது எங்கள் பக்கக் குறை, அதைக் குறைப்பது எங்கள் பொறுப்பு.

இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக, கட்டுபவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. தேவையுள்ள எல்லோருக்கும் வீடு போதாதபோது யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும். பெண் தலைமைத்துவக் குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, தங்கியிருப்போர் எத்தனை பேர் என்ற விவரங்களே அங்கே பேசும். வீட்டில் நோயாளி இருப்பதைக் கூச்சப்பட்டு மறைத்தால், வரிசையில் பின்னுக்குப் போவது உங்கள் குடும்பம். இல்லாத ஆளைக் கூட்டிச் சொன்னால், பின்னுக்குப் போவது பக்கத்து வீடு.

எண்ணி எழுதி வைப்பதற்கு உதவியைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2011 ஜனவரியில், மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிக் கணக்கின்படி, 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கணக்கின்படி, 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, சண்டைக்கு நடுவிலும் கச்சேரியில் யாரோ எண்ணி எழுதி வைத்திருந்ததால்தான். எழுதப்படாத ஆளைத் தேடிக் கேள்வி கேட்பது கஷ்டம்.

இனி, படிவத்தோடு ஒருவர் வந்தால் நீங்கள் செய்யக்கூடியவை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், எதற்காக, யார் இதைப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். காணாமல் போனவர் பற்றியோ, தடுப்பில் இருந்து வந்தவர் பற்றியோ சொல்ல விருப்பமில்லை என்றால் "சொல்ல விருப்பமில்லை" என்று சொல்லலாம். அதற்காக உதவியை மறுக்கக் கூடாது. குடும்ப அட்டை, காணிப் பெர்மிட், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே பையில் வைத்திருங்கள்.

பயனாளிகள் பட்டியல் ஒட்டப்பட்டால் போய்ப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். பெயர் இல்லை என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல், குறித்த நாளுக்குள் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தங்கள் ஊர்க் கணக்கைத் தாங்களே ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், எங்கள் பட்டியல் பிழையா சரியா என்று நீங்களே எங்களுக்குக் காட்டலாம். அந்தக் கொப்பியோடு வாருங்கள், இருந்து பேசுவோம்.